களைவண்டியும் பாஸ்போர்ட்டும்

எங்கள் சாளையின் பின்கதவு காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். முட்டுக் கொடுக்க ஓர் இரும்புச் சாமானைப் போட்டு வைத்திருந்தோம். முன்பக்கம் படகின் மூக்குப் போல வளைந்த தகடு, அதன் பின்னால் பல் பல்லாக வெட்டிய இரண்டு உருளைகள். மரக் கைப்பிடியைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது கதவுக்கு முட்டுத்தான். அப்பாரு மட்டும் அதைச் "சப்பான் வண்டி" என்பார்.

போன ஐப்பசியில் என் தம்பி மகள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. அக்ரி படிக்கிறாள். மாணவர் பரிமாற்றம் என்று பதினைந்து நாள் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"பெரியப்பா, இது அங்க அவங்க ஷெட்டுச் செவுத்துல மாட்டியிருந்துச்சுங்க. இதே மாதிரி. அந்தத் தாத்தா தொடச்சு எண்ணெய் போட்டு வெச்சிருந்தாரு."

போனில் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். அதே மூக்கு, அதே பல். கைப்பிடி மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று மின்னியது.

எங்கள் அன்னூர் நெல்லுக்குப் பேர்போன ஊர் இல்லை. ஊர்ப் பெயருக்குச் சொல்லும் கதையிலேயே நெல் கிடையாது. அன்னி என்ற வேடன் கிழங்கு தோண்டும்போது ரத்தம் பீறிட்டு மன்னீஸ்வரர் வெளிப்பட்டார் என்பார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. சோளம், கம்பு, ராகி, பருத்தி. அப்பாரு காலத்தில் தோல் சாலைக் கட்டி எருதுகளை விட்டுக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். 1932இல் பைகாராவில் மின்சாரம் எடுத்த பிறகு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் வயல் களையெடுக்கும் வண்டிக்கு என்ன வேலை?

அது கோபிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பாருவின் மச்சினருக்கு அங்கே வயல். கீழ்பவானி வாய்க்கால் 1955இல் முழுசாக முடிந்து, புதுத் தண்ணீர் பாய்ந்து, அந்தப் பக்கமெல்லாம் திடீரென்று பச்சை கட்டிய காலம். அதே சமயத்தில்தான், 1953இல், மத்திய அரசு "ஜப்பானிய முறை நெல் சாகுபடி" என்று நாடு முழுக்க ஓர் இயக்கத்தையே தொடங்கியிருந்தது. புதிதாக வேலைக்கு எடுத்த கிராம சேவக்குகள் சைக்கிளில் ஊர் ஊராக வந்து சொன்னார்கள். விதை கொஞ்சமாகப் போதும். நாற்றங்காலை மேட்டுப்பாத்தியாகப் போடு. கயிறு பிடித்துக் கோட்டில் நடு. தொழுவுரத்தோடு அம்மோனியம் சல்பேட்டும் போடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இந்த வண்டியைத் தள்ளு. களை சேற்றில் அமுங்கும், வேருக்குக் காற்று போகும்.

கேட்டவர்கள் சிரித்தார்களாம். "நெல்லு நடறதுக்குக் கயிறு எதுக்குங்க, கிணறு தூர் வாரவா?" என்று ஒருவர் கேட்டதை அப்பாரு ஐம்பது வருடம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார். நடவுக்கு வந்த பெண்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டும் கையுமாகப் பின்னோக்கி நகரும் அவர்களுடைய வேகத்தைக் கயிறு உடைத்தது. கூலி கூடக் கேட்டார்கள். மச்சினர் இரண்டு போகம் பார்த்தார். மூன்றாவது போகத்தில் கயிறு மாட்டுக்குப் போனது, வண்டி அன்னூருக்கு வந்தது. எதற்காகக் கொடுத்தார், எதற்காக அப்பாரு வாங்கிக்கொண்டார் என்று யாருக்கும் தெரியாது. இரும்பு என்பதால் இருக்கும். கொங்கு நாட்டில் இரும்பை யாரும் வீசமாட்டார்கள்.

அந்த வண்டியை யோசித்தவர் நகாய் தாயிச்சிரோ என்ற ஜப்பானியர். 1890களில் செய்தது. குனிந்து கையால் களை பறிக்கும் முதுகுகளுக்காகச் செய்தார். இங்கே வார்த்த நகல்தான் எங்கள் கதவடிக்கு வந்து சேர்ந்தது. அப்போது நம்மிடம் முதுகுக்குப் பஞ்சமே இல்லை என்பதால், அது எந்தக் கஷ்டத்துக்கு மருந்து என்பதே யாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

முறை தோற்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் நெல் உயரமானது. உரத்தைக் கூட்டினால் கதிர் முற்றுவதற்குள் படுத்துவிடும். ஜப்பான் நெல் குட்டை, உரம் தாங்கும். அப்படியானால் இரண்டையும் கலந்தால் என்ன என்று கட்டாக்கில் ஒரு பெரிய ஒட்டுத் திட்டமே 1950களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார்கள். நூற்றுக்கணக்கில் ஒட்டுச் சேர்த்ததில் வெளியே வந்து பேர் வாங்கியவை மிகச் சில. அதில் ஒன்று ஆடுதுறை 27. அப்பன் பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் ஜப்பானின் நோரின் 10. இன்னொரு பக்கம் நம் கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கிச்சிலிச் சம்பாவிலிருந்து பொறுக்கி எடுத்து 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24. 1960களின் நடுவில் தஞ்சாவூர் முழுக்கக் குறுவையில் ஆடுதுறை 27தான். கோயமுத்தூருக்கும் ஜப்பானுக்கும் நடந்த கல்யாணத்தில் பிறந்த பிள்ளை தஞ்சாவூரில் போய்ப் பண்ணையம் பார்த்தது என்று எங்கள் ஊர் பெரியவர் ஒருவர் சொல்வார்.

அதே நோரின் 10 என்ற பெயரில் ஒரு குட்டைக் கோதுமையும் உண்டு. நோரின் என்பது அவர்களுடைய விவசாய, வனத் துறையின் பெயர். 1935இல் வெளியிட்ட அந்தக் கோதுமை அமெரிக்கா போய், மெக்சிகோவில் நார்மன் போர்லாக் கையில் சிக்கி, அங்கிருந்து 1966இல் 18,000 டன் விதையாக இந்தியாவுக்கு வந்து இறங்கியது. இறக்கிய மந்திரி சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்துக்காரர். பசுமைப் புரட்சியைப் பஞ்சாப் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் குட்டை ஜப்பானிலிருந்தும் அதன் துணிச்சல் கொங்கிலிருந்தும் போனது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் தப்பில்லை.

ஆக, அன்று ஜப்பான் நம்மிடம் வந்தது முறையாக, விதையாக, இரும்பாக. கொஞ்சம் பின்னால் ஆட்களாகவும் வந்தது. 1962 தொடங்கி இரு அரசுகளும் சேர்ந்து மாதிரிப் பண்ணைகள் வைத்தார்கள். நமக்குப் பக்கத்தில் இருந்தவை கேரளத்தில் செங்கன்னூர், அப்புறம் மாண்டியா. எங்கள் சத்தி ரோட்டிலேயே போய்த் திம்பம் மலை ஏறி இறங்கி மைசூரைத் தாண்டினால் மாண்டியாதான். ஜப்பானிய விவசாயிகள் அங்கே தங்கி, சேற்றில் இறங்கி நட்டுக் காட்டினார்கள். அடுத்து பவர் டில்லர் வந்தது. பெங்களூரில் மிட்சுபிஷி கூட்டோடு ஒன்று, கேரள அரசின் கம்பெனி குபோட்டா கூட்டோடு ஒன்று.

இங்கிருந்து அங்கே போனவர்கள்? அரசாங்க அதிகாரி, பெரிய மில் முதலாளி. மற்ற எல்லாரும் ஜப்பானைப் பார்த்தது தியேட்டரில். 1970 ஒசாகா கண்காட்சியில் எம்.ஜி.ஆர். படம் பிடித்து வந்ததை 1973இல் உலகம் சுற்றும் வாலிபனில் பார்த்தோம். 1985இல் கமல் ஜப்பானில் கல்யாணராமனாகப் போனார். வயல் எதிலும் இல்லை.

தம்பி மகளின் பயணத்துக்கு வருகிறேன். இப்போது அதற்கு நிறைய வாசல்கள் இருக்கின்றன. தொச்சிகியில் 1973இல் தொடங்கிய ஆசிய ஊரகக் கல்வி நிலையம் மிகப் பழையது. தகாமி தோஷிஹிரோ என்ற பாதிரியார் தொடங்கியது. அவருக்கு 1996இல் மகசேசே விருது கிடைத்தது. ஏப்ரலில் சேர்ந்தால் ஒன்பது மாதம் தாமே விளைவித்துத் தாமே சமைத்துச் சாப்பிட்டுப் படித்துவிட்டு வரவேண்டும். ஆசியா, ஆப்பிரிக்கா என்று பல நாட்டுக் கிராமத்து ஊழியர்கள் அங்கே போய் வந்திருக்கிறார்கள். 2007இல் ஜெனிசிஸ் என்ற இளைஞர் பரிமாற்றம். 2014இல் சகுரா அறிவியல் திட்டம். விமானச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். தமிழக வேளாண் பட்ஜெட்டிலேயே 2025இல், நெல் தொழில்நுட்பம் பார்க்க 100 முன்னோடி உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாமுக்கு அனுப்புவதாக அறிவித்தார்கள். அப்பாரு காலத்தில் கிராம சேவக் சைக்கிளில் வந்த இடத்துக்கு இன்று உழவரே விமானம் ஏறுகிறார்.

அவளுடைய பதினைந்து நாளில் பாதி, பல்கலைக்கழகம், ஆய்வகம், செடியை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கும் கண்ணாடிக் கூடம். அதை அவள் அதிகம் பேசுவதில்லை. நாலு ராத்திரி ஒரு விவசாயி வீட்டில் தங்கவைத்தார்களே, அதுதான் பேச்செல்லாம். வடக்கே, டோக்கியோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கிற வீடு. "அவங்கள ஒத்தோசான், ஒக்காசான்னு அப்பா அம்மா முறை வெச்சுத்தான் கூப்படோணும்ங்க. எனக்குத் தாத்தான்னே வாயில வருது."

செருப்பை வாசலில் விட்டதும் பாதிப் பயம் போய்விட்டதாம். தரையில் பாய். பாயில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது என்று அவளோடு வந்த வடநாட்டு மாணவி முகம் சுளித்தபோது, இவள் சம்மணம் போட்டுப் பாட்டியிடம் சபாஷ் வாங்கினாள். சிக்கல் சாப்பாட்டில்தான் வந்தது. அது புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டைகூட உடைக்க மாட்டோம். அங்கே சாறு, பொரியல், கீரை எதிலும் மீன் தண்ணீர் கலந்திருக்கும். விரதம் என்பதை அவள் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். என்ன மொழிபெயர்ந்ததோ, பாட்டி கண்கலங்கி அவள் தோளைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். யாரோ செத்துப்போய்த் துக்கம் காக்கிறாள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். மறுநாள் இன்னொருவர் வந்து விளக்கியதும் ஒரே சிரிப்பு. அதிலிருந்து கடல்பாசியும் காய்ந்த காளானும் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு. பாட்டிக்கு அது புதுசு இல்லையாம். அவர்களுடைய கோயில் சமையலே அப்படித்தான். அவள் கொண்டுபோன பருப்புப் பொடிக்கு அந்த வீட்டில் என்ன கதி என்று கேட்டேன். தாத்தா சோற்றில் தூவிச் சாப்பிட்டுவிட்டு மோட்டுவளையைப் பார்த்தாராம். கொஞ்சம் கழித்து இன்னொரு கரண்டி கேட்டாராம்.

நம் பொங்கலுக்கும் அவர்களுடைய ஜனவரி 15 சிறு புத்தாண்டுக்கும் ஒற்றுமை சொல்லி, தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று பேராசிரியர் ஓனோ சுசுமு எத்தனையோ புத்தகம் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பருப்புப் பொடிக்கு இரண்டாவது கரண்டி கேட்டவரை உறவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

காலை ஐந்து மணிக்குப் பாட்டி கத்தரிக்காய் பறிப்பார். ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, மூன்று மூன்றாகப் பையில் போட்டு, மேலே ஒரு ஸ்டிக்கர். அதில் பாட்டியின் பெயர், ஊர், விலை. நம் குட்டி யானையைவிடக் குட்டியான வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரோட்டோரக் கடைக்குப் போய், தனக்கென்று உள்ள தட்டில் அடுக்கிவிட்டு வந்துவிடுவார். மிச்சினோயெக்கி, "சாலை நிலையம்" என்று பேர். 1993இல் தொடங்கியது, இன்று நாடு முழுக்க 1,200க்கு மேல் இருக்கின்றன. விலையை எழுதுகிறவர் விளைவித்தவரே. கடைக்கு ஒரு பங்கு கமிஷன். பொழுதோட போய் விற்காத பையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நாலு பை மிச்சம். பாட்டி அதைப் பார்த்துவிட்டு மறுநாள் பத்து யென் குறைத்து எழுதினார்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. எங்கள் தக்காளி மேட்டுப்பாளையம் ரோடு எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கு ராத்திரி வண்டியேறும். என்ன விலைக்குப் போனது என்று பில் வந்த பிறகுதான் தெரியும். 1999இல் வந்த உழவர் சந்தை நல்ல ஏற்பாடுதான், அங்கேகூட அன்றைய விலையை எழுதுவது அதிகாரிகள். தன் கையால் தன் காய்க்கு விலை எழுதுவது என்ற சாதாரணக் காரியத்தை அவள் இருபது வயதில், கண்டத்தின் இன்னொரு மூலையில்தான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அப்பன் இன்னும் பார்க்கவில்லை.

தாத்தாவுக்கு எழுபத்தாறு. ஏழு வயல், எல்லாம் சேர்த்தாலும் எட்டு ஏக்கர் தேறாது. நாற்று நடும் மெஷின், அறுக்கும் மெஷின், நெல் காயவைக்கும் மெஷின் எல்லாம் சொந்தம். நாலு பேர் வேலையை ஒருவரே செய்கிறார். "யாரும் கூட வர்றதில்லைங்களான்னு கேட்டேன். யாரு இருக்கான்னு கேட்டாரு." மகன் டோக்கியோவில் கம்பெனி வேலை. மகள் கல்யாணமாகி வேறு ஊர். தெருவில் பதினோரு வீடு. ஐந்தில்தான் விளக்கு எரிகிறது. ஒரு வயலைத் தாண்டி அடுத்த வயல் மூங்கில் புதராகக் கிடக்கிறது. அந்த வயல்காரர் செத்துப்போய், பிள்ளைகள் வரவில்லை.

ஒரு தெருவின் கதையென்று இதைத் தள்ளிவிட முடியாது. விவசாயமே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்கள் ஜப்பானில் 2000இல் 24 லட்சம் பேர். 2024இல் 11 லட்சம் சொச்சம். சராசரி வயது 69. நாட்டில் 90 லட்சம் வீடுகள் காலி. நிலத்தைத் தரிசு போடச் சொல்லி அரசே ஏறக்குறைய ஐம்பது வருடம் பணம் கொடுத்துவந்தது. அரிசி மிச்சமாகிறதே என்ற கவலை. 2025இல் ஐந்து கிலோ அரிசி 4,200 யென்னைத் தாண்டி, ஒரே வருடத்தில் இரட்டிப்பாகி, சேமிப்புக் கிடங்கைத் திறந்துவிட்டார்கள். உலகத்துக்கே கோட்டு நடவு சொல்லிக்கொடுத்த நாடு. முறையில் ஒரு குறையும் இல்லை. பிடிக்கக் கைதான் இல்லை.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் சாளைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் பக்கத்துக் காடு. போன வருடம்தான் சைட் போட்டார்கள். மஞ்சக் கல், கலர்க் கொடி, நடுவே முப்பதடி ரோடு. சத்தி ரோடு அகலமாகும் என்ற பேச்சு வந்ததும் ஏக்கர் கணக்கு போய்ச் சென்ட் கணக்கு வந்துவிட்டது. தண்ணீருக்கு நாங்கள் ஆயிரம் அடிக்குக் கீழே போய்ப் பல நாள் ஆகிறது. அங்கேயும் பல போரில் புகைதான் வரும். அறுபது வருடம் கேட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் ஒருவழியாகத் தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளுக்கு 1.5 டி.எம்.சி. உபரி நீர், ரூ. 1,916 கோடி. எங்கள் குட்டையில் தண்ணீரைப் பார்த்த அன்று பெரியவர்கள் கற்பூரம் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் ஐம்பதுக்குக் கீழே யாரும் இல்லை. தண்ணீர் வந்துவிட்டது, பாய்ச்ச வேண்டியவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். மில்லிலும் தோட்டத்திலும் ஒடிசா, பீகார்ப் பையன்கள்.

ஜப்பான் எங்களைவிட முப்பது வருடம் முன்னால் போகிறது என்பார்கள். இதிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விருந்தாளிகளாகப் பிள்ளைகளை அழைக்கும் அதே நாடு, வேலையாட்களாகவும் அழைக்கிறது. தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்தில் இந்தியா 2017இல் கையெழுத்துப் போட்டது. திறன் தொழிலாளர் விசாவுக்கு 2021 ஜனவரியில். அப்போது இருந்த பதினான்கு துறைகளில் விவசாயமும் ஒன்று, ஐந்து வருடம் வரை இருக்கலாம். ஐந்து வருடத்தில் 50,000 திறன் தொழிலாளர்களை இந்தியாவிலிருந்து எடுப்பதாக 2025 ஆகஸ்டில் இரு பிரதமர்களும் அறிவித்தார்கள். பயிற்சி என்ற பெயரில் கூலி வேலை, முதலாளியை மாற்றவும் வழியில்லை என்று அந்தப் பழைய திட்டத்தின் மேல் ஜப்பானிலேயே எவ்வளவோ புகார். 2027இல் அதை எடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவரச் சட்டம் போட்டிருக்கிறார்கள். போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளை பாயில் உட்கார்ந்து சாறு குடித்துவிட்டு வருவதும், ஐந்து வருடம் அங்கே கத்தரிக்காய் துடைத்துக் கொடுப்பதும் வேறு வேறு. கையெழுத்துப் போடும்போது எந்தத் தாளில் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தரகருக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது கேட்க வேண்டும்.

தம்பி மகளோடு போன குழுவில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். இதுவும் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். கோயமுத்தூர் வேளாண் கல்லூரி லாலி ரோட்டுக் கட்டடத்தில் 1909இல் திறந்தபோதும் சரி, 1971இல் பல்கலைக்கழகம் ஆனபோதும் சரி, அது ஆண் பிள்ளைகளின் இடம். இன்று அக்ரி கவுன்சலிங்கில் பெண்களே கூடுதல். நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் என்ன? பெண்ணுக்குச் சீர், நகை, கல்யாணச் செலவு. கடைசியில் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டது. சட்டம் சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் வரைக்கும் வருகிறது, சாளைக்குள் வருவதில்லை. அக்ரி படித்தவளுக்குக் காடு கிடையாது. காடு கிடைக்கப்போகிற அவளுடைய தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறான். எழுபத்தாறு வயதுத் தாத்தாவின் வீட்டிலும் "மகன் வரலை" என்பதுதான் புலம்பல். வேறு ஊரில் இருக்கிற மகளை யாராவது கேட்டார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியதாம், மொழி போதவில்லையாம்.

"நம்ம ஊர்ல கேக்கலாம்ல கண்ணு, மொழி இருக்குதே" என்றேன்.

"நீங்களே எங்கப்பாகிட்டக் கேளுங்க பெரியப்பா" என்றாள்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

நாலாம் வருடத்தில் அக்ரி பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். ஊரக வேளாண் பணி அனுபவம். அவர்கள் பேச்சில் "ராவே". அன்னூர் வட்டாரத்துக்கும் வருகிறார்கள். டவுனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பத்துப் பேர் தங்குவார்கள். காலையில் பஸ் பிடித்து ஊருக்கு வந்து, கோயில் திடலில் கலர்க் கோலமாவால் ஊர்ப்படம் போடுவார்கள். குளம் நீலம், தென்னை பச்சை, ரோடு கறுப்பு. தென்னை வேரில் டானிக் கட்டிக் காட்டுவார்கள், இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிடுவார்கள். நாமும் போட்டோவுக்கு நின்றுவிட்டு, "சாப்ட்டீங்களா கண்ணு" என்று வாயால் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். கோலமாவுப் படத்தை மறுநாள் ஆடு கலைத்துவிடும். தம்பி மகள் அங்கே நாலு நாளில் ஒரு வீட்டின் கணக்கு வழக்கு, நோய் நொடி, மகன் வராத வருத்தம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்தாள். பத்து வாரம் இங்கே தங்குகிற பிள்ளைக்கு நம் கட்டுத்தரையில் எத்தனை உருப்படி என்றுகூடத் தெரியாமல் போகிறது. குறை பிள்ளைகள் மேல் இல்லை. அன்னூர், புளியம்பட்டி, காரமடைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வருடம் வருகிற பிள்ளைகளில் இரண்டு பேரையாவது நாலு ராத்திரி சாளையில் தங்கவையுங்கள். பாய் இருக்கிறது, சோறு இருக்கிறது. ஏழு மணி வெயிலில் பேசுவது ஒன்று, பொழுதிறங்கி மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவது வேறு.

கடைசியாகத் தம்பியிடம் கேட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் கிழக்குப்புறம் ஐம்பது சென்ட்டைக் காட்டி, "படிப்பு முடியற வரைக்கும் என்ன வேணா பண்ணிக்கட்டும்" என்றான். சின்ன வெங்காயமும் கத்தரியும் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தி ரோட்டோரம் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை. கத்தரி துடைத்துப் பையில் போட்டு, மேலே அவள் பெயர், ஊர், விலை. காரை நிறுத்தி இறங்குகிறவர்கள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "சரி, கடைசியா எவ்வளவுக்குத் தருவே?" என்கிறார்கள்.

களைவண்டியைத் துரு சுரண்டி எண்ணெய் போட்டு, புதுக் கைப்பிடி மாட்டி, அவள் சாளைச் சுவரில் தொங்கவிட்டாள். பின்கதவுக்கு இப்போது ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்த ஐம்பது சென்ட்டின் பட்டா என் தம்பி பேரில்தான் இருக்கிறது.